புரோ கார்டு எதற்கான சான்று?



உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது: ‘புரோ’. “அவர் புரோ கார்டு வாங்கியவர், வாப்பா. அவர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டு அட்டவணைதான் இது” என்று மகன் சொல்லும்போது, தகப்பனாருக்கு அது பட்டமா, பதவியா, படிப்பா என்பது விளங்குவதில்லை. விளங்காத ஒன்றை மறுத்துப் பேசவும் இயலாது. ஏற்கவும் மனம் வராது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் பேச்சு அத்தோடு நின்றுபோகிறது. பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மாலை வகுப்புக்கு வரும் வாலிபர்களில் பலர் கிதாபை மூடியதும் நேராக ஜிம்முக்குத்தான் போகிறார்கள். உடலைப் பேணுவது நல்ல காரியம். அதைக் குறைசொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஒரு சான்று எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகாது என்று பிரித்தறிவது எங்கள் கல்வி மரபின் அடிப்படைகளில் ஒன்று. அந்தக் கண்ணோடு இந்தக் கார்டைப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நம் ஊர்ச் சுவரொட்டிகளில் ‘ஆணழகன் போட்டி’ என்று காணும் கலையின் உலக அளவிலான தொழில்முறை அமைப்பு அமெரிக்காவை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பென் வீடர், ஜோ வீடர் என்னும் இரு சகோதரர்கள் 1946இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஐ.எஃப்.பி.பி. என்னும் உடற்கட்டுக் கூட்டமைப்பை நிறுவினார்கள். பெரிய பட்டங்களை வென்று முடித்தவர்கள் அதற்குமேல் போட்டியிட இடமின்றி ஒதுங்கிவிடுவதைக் கண்ட ஜோ வீடர், அத்தகையோர் மட்டும் மோதும் களமாக 1965இல் மிஸ்டர் ஒலிம்பியாவைத் தொடங்கினார். அந்த முதல் பட்டத்தை வென்றவர் லாரி ஸ்காட். ஜோ வீடர் உடற்பயிற்சி இதழ்களையும் சத்துமாவு வகைகளையும் விற்ற வணிகர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். இந்தக் கலையின் தொழில்முறைத் தகுதி தொடக்கத்திலிருந்தே ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. அரசோ பல்கலைக்கழகமோ அதை வழங்கவில்லை, இன்றும் வழங்குவதில்லை.

1980களின் தொடக்கத்தில் ஜிம் மேனியன் என்பவர் தலைமையில் அமெரிக்காவில் என்.பி.சி. என்னும் அமைப்பு உருவானது. தொழில்முறை அல்லாத, அதாவது அமெச்சூர் வீரர்களுக்கான போட்டிகளை அது நடத்தும். அங்கே உயர்ந்து வருபவர்கள் ஐ.எஃப்.பி.பி.யின் தொழில்முறைப் பிரிவுக்குச் செல்வார்கள். 2017இல் இந்த ஏற்பாடு முறிந்தது. என்.பி.சி.யும் ஐ.எஃப்.பி.பி. புரோ லீக்கும் ஒரு பக்கமாகவும், பழைய பன்னாட்டு ஐ.எஃப்.பி.பி. மறு பக்கமாகவும் பிரிந்தன. ஒலிம்பியா புரோ லீக் பக்கம் நின்றது. பன்னாட்டு அமைப்போ ‘எலீட் புரோ’ என்று தனக்கென ஒரு கார்டை வழங்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஒரே பெயர். இரண்டு வேறு கார்டுகள். ஒன்றை வைத்திருப்பவர் மற்றதன் மேடையில் உரிமையோடு ஏற முடியாது. இவை போக, உலகெங்கும் சிறிய அமைப்புகள் பலவும் தத்தம் பெயரில் ‘புரோ’ பட்டம் தருகின்றன. ‘புரோ’ என்னும் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை. எனவே ஒருவர் “நான் புரோ” என்றால், “எந்த அமைப்பின் புரோ?” என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

புரோ லீக் கார்டு கிடைக்கும் வழியைப் பார்ப்போம். அமெரிக்கர் ஒருவர் முதலில் என்.பி.சி. உறுப்பினராகப் பணம் கட்டிச் சேர்கிறார். தம் வட்டாரத்தில் நடக்கும் போட்டியில் குறிப்பிட்ட இடத்துக்குள் வந்தால், தேசிய அளவிலான போட்டிக்குத் தகுதி பெறுகிறார். ஜூனியர் நேஷனல்ஸ், யுனிவர்ஸ், யு.எஸ்.ஏ., நார்த் அமெரிக்கன், நேஷனல்ஸ் என்று இவை பல. முப்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கு மாஸ்டர்ஸ் போட்டிகள் தனியே உண்டு. இந்தத் தேசியப் போட்டிகளில்தான் கார்டு வழங்கப்படுகிறது. போட்டியையும் பிரிவையும் ஆண்டையும் பொறுத்து, தம் வகுப்பில் முதலிடம் பெற்றவருக்கோ முதல் இருவருக்கோ ஒட்டுமொத்த வெற்றியாளருக்கோ அது கிடைக்கும். பிற நாட்டவருக்கு, கார்டு தரும் தகுதிப் போட்டிகள் பல நாடுகளில் நடத்தப்படுகின்றன; அமெச்சூர் ஒலிம்பியா அவற்றில் ஒன்று. எகிப்தைச் சேர்ந்த மம்தூஹ் அல்சுபையீ, ‘பிக் ராமி’ என்று உலகம் அழைப்பவர், 2012இல் குவைத்தில் நடந்த அமெச்சூர் ஒலிம்பியாவில் வென்றே கார்டு பெற்றார். மறு ஆண்டு நியூயார்க் புரோவை வென்றார். 2020, 2021 ஆண்டுகளில் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார்.

இதில் எழுத்துத் தேர்வு என்று எதுவும் இல்லை. உடற்கூறு பற்றி ஒரு கேள்வி இல்லை; மருந்து பற்றி ஒரு கேள்வி இல்லை; உணவு பற்றியும் இல்லை. எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்றுகூட எவரும் கேட்பதில்லை. நடுவர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். வீரர்களை முன்னால் அழைத்து, இடம் மாற்றி நிறுத்தி, ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று இடம் எழுதுகிறார்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததுமான எண்களை நீக்கிவிட்டு மற்றவற்றைக் கூட்டுகிறார்கள். குறைந்த கூட்டுத்தொகை பெற்றவர் வெற்றியாளர். ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது; பளுதூக்குதலில் எடை இருக்கிறது. இங்கே இருப்பது கண் மட்டுமே. அந்தக் கண்ணும், அன்று அந்த மேடைக்கு வந்தவர்களுக்கிடையே ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. வகுப்பில் முப்பது பேர் நின்று அவர்களில் இரண்டாமிடம் பெறுவதும், நான்கு பேர் நின்று அவர்களில் இரண்டாமிடம் பெறுவதும் ஒன்றல்ல. கார்டில் மட்டும் இரண்டும் ஒன்றே.

அடுத்து, பிரிவுகள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாகவே தோன்றும். உள்ளே ஒவ்வொன்றும் தனி உலகம்.

பழைய, முதன்மையான பிரிவு பாடிபில்டிங். அமெச்சூர் மட்டத்தில் இது எடையால் வகுக்கப்படுகிறது: ஏறத்தாழ 65 கிலோவுக்குட்பட்ட பேண்டம் வெயிட்டில் தொடங்கி, 102 கிலோவைத் தாண்டிய சூப்பர் ஹெவிவெயிட் வரை. தொழில்முறையில் இவ்வளவு வகுப்புகள் இல்லை. எடை வரம்பற்ற ‘ஓபன்’, 212 பவுண்டுக்குள், அதாவது 96 கிலோவுக்குள் நிற்பவர்களுக்கான ‘212’ என்று இரண்டே. இந்தச் சிறிய பிரிவு ஒலிம்பியாவில் 2008இல் 202 பவுண்டு வரம்போடு தொடங்கி, 2012இல் 212 ஆயிற்று. அதற்கு முன்னால், குட்டையான உடல்வாகு கொண்ட ஒருவர் அமெச்சூரில் தம் எடை வகுப்பை வென்று கார்டு பெற்று மேலே சென்றால், தம்மைவிட முப்பது நாற்பது கிலோ கூடுதலானவர்களுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. கார்டு அவரை உள்ளே அழைத்தது; ஆனால் உள்ளே அவருக்கு இடமில்லை. 212 பிரிவு அந்த அநீதியை ஓரளவு சரிசெய்தது. டெரிக் லன்ஸ்ஃபோர்ட் என்பவர் 2021இல் 212 பட்டத்தையும் 2023இல் ஓபன் பட்டத்தையும் வென்றது இந்த இரண்டு வாசல்களும் திறந்திருந்ததால்தான்.

2013இல் மென்ஸ் ஃபிசிக் ஒலிம்பியாவுக்கு வந்தது. இதில் வீரர்கள் சிறு உள்ளாடை போன்ற உடையில் நிற்பதில்லை. முழங்காலுக்குச் சற்று மேல் வரும் அரைக்காற்சட்டை அணிகிறார்கள். தொடை மறைந்திருப்பதால், தோள் விரிந்து இடை சுருங்கிய மேலுடலே கணக்கு. 2016இல் கிளாசிக் ஃபிசிக் சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் உயரத்துக்கும் இவ்வளவுதான் எடை என்று இதில் உச்சவரம்பு உண்டு. பழைய காலத்து அளவான உடலமைப்பை மீட்பது நோக்கம். பின்னர் அந்த வரம்பையே சில முறை உயர்த்தினார்கள் என்பது வேறு கதை. கனடாவின் கிறிஸ் பம்ஸ்டெட் 2016இல் பாடிபில்டிங் ஹெவிவெயிட்டில் கார்டு பெற்று, கிளாசிக்குக்கு வந்து, 2019 முதல் 2024 வரை தொடர்ந்து ஆறு முறை வென்று ஓய்வுபெற்றார்.

பெண்களுக்கும் பாடிபில்டிங், ஃபிசிக், ஃபிகர், ஃபிட்னஸ், பிகினி, வெல்னஸ் என்று பல பிரிவுகள் உள்ளன. அவற்றை விரிக்க இங்கே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1980இல் தொடங்கிய மிஸ் ஒலிம்பியா 2014க்குப் பிறகு நிறுத்தப்பட்டது. பத்து முறை அப்பட்டம் வென்ற ஐரிஸ் கைல் இருந்த பிரிவு அது. 2020இல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பிரிவின் கார்டு வைத்திருந்தவர்கள் ‘புரோ’வாகவே இருந்தார்கள், அவர்கள் ஏறுவதற்கான உச்ச மேடைதான் இல்லை. கார்டின் மதிப்பு வீரரின் உடலில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அமைப்பு ஒரு பிரிவை வளர்த்தால் கார்டு வளரும். கைவிட்டால் வெறும் காகிதம்.

பிரிவுகள் பெருகியதைப் பலர் குறை சொல்கிறார்கள். “அன்று புரோ என்றால் ஒரு கனம் இருந்தது, இன்று எவருக்கும் கார்டு” என்பது பழையவர்களின் புலம்பல். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நூற்றுமுப்பது கிலோ உடலை ஏற்றினால்தான் மதிப்பு என்றிருந்த ஒரு துறையில், எண்பது கிலோ மனிதருக்கும் இடம் உண்டாக்கியது நன்மைதான். அளவுக்கு மீறிய சதையை எல்லாரும் துரத்த வேண்டிய தேவையை அது குறைத்தது. ஆனால் பிரிவு கூடியபோது கார்டுகளும் கூடின. ஒவ்வொரு தேசியப் போட்டியிலும் உயர வகுப்புகள், அவற்றில் முதல் இருவர், அதற்கு மேல் மூத்தோருக்குத் தனியே என்று எண்ணிக்கை ஏறியது. போட்டியாளர் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியே நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார். கார்டு கிடைக்கும் வாய்ப்பு அதிகமானால் கட்டணம் செலுத்துவோரும் அதிகமாவார்கள். தகுதியை வழங்குபவரின் வருமானம் தகுதியை நாடுவோரின் எண்ணிக்கையில் தங்கியிருக்கும் இடத்தில், தகுதி மலிவாகும் என்பது உலக வழக்கம்.

சரி, கார்டு கிடைத்துவிட்டது; பிறகு? பல பெற்றோர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “புரோ ஆகிவிட்டால் கம்பெனியே சம்பளம் கொடுக்குமாமே, ஹஜ்ரத்?” என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். இல்லை. கார்டு என்பது தொழில்முறைப் போட்டியில் பெயர் கொடுக்கும் உரிமை, அவ்வளவே. அதற்கும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பயணம், தங்குமிடம், உணவு, பயிற்சியாளர், மேடைக்குப் பூசும் நிறச்சாயம் எல்லாம் அவரவர் செலவு. பரிசுப் பணம் பெரும்பாலும் முதல் சில இடங்களுக்கு மட்டுமே. 2024இல் மிஸ்டர் ஒலிம்பியா வென்ற சாம்சன் டவுடாவுக்கு 6 லட்சம் டாலர் கிடைத்தது உண்மை. அது ஓபன் பிரிவின் உச்சியில் நின்ற ஒரே ஒருவருக்கு. சிறிய புரோ போட்டி ஒன்றில், ஃபிசிக் போன்ற பிரிவில் ஆறாவதாக வந்தவர் வெறுங்கையோடுதான் விமானம் ஏறுகிறார்.

ரோனி கோல்மன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர் பெயர் தெரியாத ஜிம் பையன் இருக்கமாட்டான். 1991இல் போலந்தில் நடந்த உலக அமெச்சூர் போட்டியில் வென்று கார்டு பெற்றார். 1992இல் ஒலிம்பியா மேடை ஏறியபோது அவருக்கு இடமே கிடைக்கவில்லை. முதல் தொழில்முறை வெற்றிக்கு 1995 வரை காத்திருந்தார். 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா. இந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, ஒலிம்பியா வென்ற பிறகும்கூட, அவர் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரில் காவல்துறை அலுவலராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். துறையின் தலைசிறந்த மனிதருக்கே கார்டு சோறு போடவில்லை. காவல் பணிதான் போட்டது. இன்று பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் ஊன்றுகோலின் துணையோடு நடக்கிறார். அவரது மன உறுதியை மதிக்கிறேன். அந்த முதுகெலும்பை எந்தத் தாயும் தன் மகனுக்கு விரும்பமாட்டாள்.

கார்டு விசாவும் ஆகாது. ஈரானின் ஹாதி சூபான் உலகத்தரம் வாய்ந்தவர் என்று எல்லாரும் அறிந்திருந்தும், அமெரிக்க விசா கிடைக்காததால் ஆண்டுக்கணக்கில் ஒலிம்பியாவுக்குச் செல்ல முடியவில்லை. 2019இல்தான் வழி திறந்தது, அவ்வாண்டே மூன்றாமிடம், 2022இல் பட்டம். அவர் பொறுமையோடு காத்திருந்தார். எல்லாருக்கும் அந்த முடிவு வாய்ப்பதில்லை.

அப்படியானால் கார்டு பெற்றவர்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள்? பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து. இணையவழிப் பயிற்சி, உணவு அட்டவணை, மாதக் கட்டணம், புரதமாவு விளம்பரம். கார்டு பரிசு தரவில்லை என்றாலும் நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கைதான் விற்பனையாகிறது. நான் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

எங்கள் மரபில் கிராஅத் போட்டிகள் உண்டு. கேட்பவர் கண்கலங்கும்படி ஓதும் சிறுவனுக்கு முதல் பரிசு கொடுக்கிறோம். அவனது குரல் அல்லாஹ் கொடுத்த கொடை, உழைப்பும் உண்டு. ஆனால் அந்தப் பரிசைக் காட்டி அவன் தஜ்வீத் கற்பிக்க உட்கார முடியாது. கற்பிப்பதற்கு இஜாஸா வேறு. ஆசிரியர் முன் அமர்ந்து முழுவதையும் ஓதிக்காட்டி, எழுத்துக்கு எழுத்து திருத்தம் பெற்று, அவர் மனநிறைவு கொண்டு “இனி நீ பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்” என்று தரும் அனுமதி அது. அவருக்கு யார் தந்தார், அவருக்கு முன் யார் என்ற ஸனது அதோடு வரும். அழகாக ஓதத் தெரிந்தவன் ஏன் அழகாக ஓதுகிறான் என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். பிறர் நாவில் உள்ள பிழையை அவன் கண்டறிவான் என்பதற்கு அவன் குரல் சான்றாகாது.

புரோ கார்டு அந்தப் போட்டிப் பரிசைப் போன்றது, இஜாஸா அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மேடையில், வந்திருந்தவர்களுக்கிடையே இவரது உடல் சிறந்து தெரிந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. தசையின் வடிவும் எலும்பின் அகலமும் பெற்றோர் வழி வருபவை. இடுப்பு எலும்பு அகன்றவர் எவ்வளவு உழைத்தாலும் குறுகிய இடையைப் பெறமாட்டார். நடுவர் காண்பது விளைவை. வந்த வழியை அல்ல. அந்த வழியில் மருந்து இருந்ததா என்று மேடையில் எவரும் கேட்பதில்லை.

கேட்கவே இல்லையா என்றால், ஒரு முறை கேட்டார்கள். 1990இல் ஒலிம்பியாவில் ஸ்டீராய்டு சோதனை நடத்தினார்கள்; அந்த வழக்கம் தொடரவில்லை. என்.பி.சி., புரோ லீக் மேடைகளில், சோதனை உண்டு என்று தனியே அறிவிக்கப்பட்ட சில போட்டிகளைத் தவிர, பொதுவாகச் சோதனை கிடையாது. அதன் விலை என்ன என்பதும் மறைவானதல்ல. அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த முஹம்மது பெனாஸிஸா 1992 அக்டோபரில் ஹாலந்தில் போட்டியிட்ட சில மணி நேரத்திலேயே இறந்துபோனார். உடலின் நீரை வற்றச் செய்து தசையைத் தெளிவாகக் காட்டும் முயற்சியின் முடிவு அது. ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் மூன்சர் 1996இல் 31 வயதில் உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்தார். இருவரும் கார்டு பெற்றவர்கள். இருவரும் மேடையில் பாராட்டப்பட்டவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இருபத்திரண்டு வயது மகன் ஒரு ‘புரோ’விடம் தொலைபேசி வழியே பயிற்சி பெற்றான். மூன்று மாதத்துக்கு முன்பணம். முதல் வாரம் உணவு. ஐந்தாம் வாரம் ஊசி. இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லவில்லை. குடும்பத்தில் இதய நோய் உண்டா என்றும் விசாரிக்கவில்லை. அந்த மருந்துகள் நம் நாட்டில் மருத்துவர் சீட்டு இன்றி விற்கக்கூடாதவை. பையனுக்கோ எளிதாகக் கிடைத்தன. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றப்படும்போது உடல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். விந்தணுக்களின் எண்ணிக்கை விழும். நிறுத்திய பிறகு மீள மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுதாக மீளாமலும் போகலாம். அவனுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவன் தந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, “எந்தப் பயிற்சியாளர் சொன்னார்?” என்று மருத்துவர் கேட்டார். “புரோ சொன்னார், டாக்டர்” என்றான் பிள்ளை. அந்த ஒரு சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

கார்டு வழங்கும் அமைப்புகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பிரிவு, எந்த வகுப்பு, அதில் எத்தனை பேர் நின்றார்கள், சோதனை நடந்ததா இல்லையா என்ற நான்கையும் கார்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும். பயிற்சியாளராகும் தகுதியைத் தனிப் படிப்பாக, தனித் தேர்வாக வைக்கட்டும். செய்யமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். கார்டின் மயக்கம் அதன் தெளிவின்மையில்தான் இருக்கிறது.

போட்டியிட விரும்பும் பிள்ளைகளுக்கு மார்க்கம் தொடர்பான ஒரு விஷயத்தையும் சொல்லிவைக்க வேண்டும். “மென்ஸ் ஃபிசிக்கில் காற்சட்டை உண்டே, அது பரவாயில்லைதானே?” என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அதன் விதிப்படி காற்சட்டை தொப்புளுக்குக் கீழே இறங்கி நிற்கலாம். முழங்காலுக்குச் சற்று மேலேயே முடிய வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபீ என்று நம் பகுதிகளில் பின்பற்றப்படும் இரு மத்ஹபுகளும் ஆணின் அவ்ரத்தைத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடையே என்றே வரையறுக்கின்றன. ஆகவே எல்லாப் பிரிவுகளிலும் மிக அதிகமாக மறைக்கும் பிரிவுகூட அந்த எல்லையை எட்டவில்லை. மேடையைத் தவிர்த்துப் பயிற்சியை மட்டும் தொடர்கிற வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கார்டும் தேவைப்படவில்லை.

மருந்தின்றிப் போட்டியிடுவதற்கென்றே இயங்கும் அமைப்புகளும் உள்ளன. டபிள்யூ.என்.பி.எஃப். என்பது அவற்றில் பெயர் பெற்றது. பத்து ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட மருந்தைத் தொடாதவர் என்ற உறுதி, சிறுநீர்ச் சோதனை, பொய் கண்டறியும் கருவிச் சோதனை ஆகியவை அங்கே உண்டு. அங்கும் புரோ கார்டு தருகிறார்கள். பரிசுப் பணம் சிறிது; புகழும் சிறிது. ஆனால் அந்தக் கார்டு, உடலைத் தவிர வேறொன்றையும் விசாரித்துவிட்டுத் தரப்படுகிறது. சோதனையை ஏமாற்றுவோர் எங்கும் இருப்பார்கள். கேள்வியே கேட்காததைவிடக் கேட்பது மேல்.

அரசு வேலை என்ற எண்ணத்தோடு சிலர் இதில் இறங்குகிறார்கள். விளையாட்டு வீரர்களுக்கான மத்திய அரசு ஒதுக்கீட்டுப் பட்டியலில் உடற்கட்டும் இருக்கிறது, உண்மை. அங்கே பார்க்கப்படுவது அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்பு வழியாக மாநிலத்தையோ நாட்டையோ சார்ந்து விளையாடியதற்கான சான்று. வெளிநாட்டுத் தனியார் லீக்கின் கார்டு அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் பொருந்தாது. மாவட்ட ஆணழகன் போட்டியில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று செல்வது ஒரு பாதை. கார்டைத் தேடிச் செல்வது வேறொரு பாதை. இரண்டிலும் ஒரே வியர்வைதான் சிந்தப்படுகிறது என்பதால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணுகிறார்கள். லட்சங்கள் செலவான பிறகே வேறுபாடு தெரியவருகிறது.

அடுத்த முறை மகன் ‘புரோ’ என்று ஒருவர் பெயரைச் சொன்னால், அவரிடமே தொலைபேசியில் பேசத் தகப்பனார் தயங்க வேண்டாம். எந்த அமைப்பு, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எத்தனை பேரில் எத்தனாவது இடம் என்று கேட்கலாம். நேர்மையான வீரர் இவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்வார், அவருக்கு அது பெருமையும்கூட. அதன் பிறகு, உணவும் மருந்தும் பற்றி அவர் எங்கே படித்தார், யாரிடம் படித்தார் என்று கேளுங்கள். என் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டலாமா என்றும் கேளுங்கள்.